கிணற்றுத் தண்ணீரும் ஹெட் காஸ்கட்டும்: வன்னியில் ஒரு டீசல் காரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு உட்பக்கமான ஒரு கிராமத்தில் ஆசிரியை ஒருவரின் குடும்பம் பாவித்த கார் இது. 2008 ஆம் ஆண்டுத் தயாரிப்பு, ஐந்து கதவு, 1.4 லீற்றர் டீசல், நான்கு சிலிண்டர். எஞ்சின் பழைய முறையானது. டீசல் நேரே பிஸ்டன் மேல் பாயாது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்குள் இருக்கும் சிறிய அறைக்குள் பாய்ந்து அங்கேதான் எரியத் தொடங்கும். டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். சிலிண்டர்கள் உள்ள அடிப்பாகமான புளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம்; இரண்டுக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் தகடுதான் காஸ்கட். 2023 இல் இந்தப் பிரச்சினை வந்தபோது 186,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது.

தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்வர 28 கிலோமீற்றர், அதில் 6 கிலோமீற்றர் கிரவல் வீதி. மாதம் ஒருமுறை தாயாரை கிளினிக்குக்கு வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, பழையதை விற்று இன்னொன்று எடுப்பது இப்படியான குடும்பங்களுக்கு முடியாத காரியமாகிவிட்டது. அப்போது இருக்கிற காரைக் காப்பாற்றுவதுதான் வழியாக இருந்தது.

ஓயிலும் ஃபில்டரும் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றப்பட்டன. ரசீதுகள் எல்லாம் இருந்தன. கவனம் இல்லாத குடும்பம் அல்ல. கவனிக்கப்படாமல் போனது ஒன்றே ஒன்று: ரேடியேற்றருக்குள் என்ன ஊற்றப்படுகிறது என்பது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றிவந்தார்கள். அந்த வீட்டுக் கேத்தலின் உட்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக இருக்கும். வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் அப்படித்தான். கேத்தலில் கண்ணுக்குத் தெரிகிற அந்தப் படிவு எஞ்சினுக்குள்ளும் பிடிக்கும் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முதல் சூடேற்றமும் முதல் திருத்தமும்

காலபோக அறுவடை முடியும் காலத்தில், பெப்ரவரி அளவில், ரேடியேற்றரில் தண்ணீர் குறையத் தொடங்கியது. வாரம் ஒரு லீற்றர் அளவில் விட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டார் சொன்னபடி, ஒழுக்கை அடைக்க மஞ்சள்தூளும் ஒருமுறை போடப்பட்டது. மே மாதம் ஏ.சி. போட்டு ஓடும்போது சூடு ஏறியது. பக்கத்தில் இருந்த ஒரு கராஜில் ஹெட் கழற்றி காஸ்கட் மாற்றினார்கள்.

அந்தத் திருத்தத்தில் நடந்தவை பின்னர் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. ஹெட்டின் அடிமுகம் எமரித் தாளால் தேய்க்கப்பட்டதே தவிர, வளைவு அளக்கப்படவில்லை. ஒருமுறைதான் பாவிக்க வேண்டிய ஹெட் போல்ற்றுகள் திரும்பப் பூட்டப்பட்டன. எஞ்சின் சூடேறும் வரை ரேடியேற்றருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் தேர்மோஸ்டற் “இந்தச் சூட்டு ஊருக்கு வேண்டாம்” என்று கழற்றி எறியப்பட்டது. மீண்டும் கிணற்றுத் தண்ணீரே விடப்பட்டது. சூடு ஏன் ஏறியது என்று மட்டும் ஒருவரும் தேடவில்லை. காஸ்கட் போனதால் சூடு ஏறியது என்று எடுத்துக்கொண்டார்கள்; உண்மையில் சூடு ஏறியதால்தான் காஸ்கட் போனது.

ஏ-9 வீதியில் நடந்தது

ஆகஸ்ட் மாதம், பகல் 12 மணி கழிந்து, ஐந்து பேருடன் வவுனியாவிலிருந்து திரும்பிவந்தார்கள். ஏ.சி. ஓடியது. தெற்குப் பக்கத்திலிருந்து வரும் சோளகக் காற்று பலமாக வீசிய நாள். வடக்கு நோக்கி ஓடும் வாகனத்துக்கு அந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளும். ஓட்டத்துக்கு அது இலகு. ஆனால் முன்பக்கத்தால் ரேடியேற்றருக்குள் புக வேண்டிய காற்று அந்த அளவுக்குக் குறைந்துவிடும். நல்ல நிலையில் உள்ள காருக்கு இது ஒரு பொருட்டல்ல. ஏற்கெனவே அடைபட்ட ரேடியேற்றருக்கு அந்தக் குறைவே போதும்.

புளியங்குளம் தாண்டியதும் ஊசி சிவப்பை நோக்கி ஏறியது. ஏ.சி.யை நிறுத்திவிட்டு மெதுவாக ஓடினார்கள். கனகராயன்குளம் நெருங்கும்போது ஊசி திடீரென்று நடுவுக்குக் கீழே விழுந்தது. சரியாகிவிட்டது என்று எண்ணி மேலும் சில கிலோமீற்றர் ஓடினார்கள். மாங்குளத்துக்கு முன்னால் இழுவை செத்து, வெள்ளைப் புகை வந்து, எஞ்சின் நின்றது. கிளிநொச்சியில் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

“தம்பி, ஊசி கீழ இறங்கீற்றுது. சூடு ஆறீற்றுதெண்டு நினைச்சுத்தான் ஓடினனாங்கள்.”

“ரீச்சர், சூடு ஆறி இறங்கேல்ல அது. தண்ணி இல்லாமப் போய்த்தான் இறங்கினது. இனி ஸ்டார்ட் பண்ணாதேங்கோ, மூடியையும் திறக்காதேங்கோ, மேல தண்ணியும் ஊத்தாதேங்கோ. நான் லொறி அனுப்புறன்.”

இந்த நிகழ்வில் மற்றவர்கள் முதலில் மனதில் எடுக்க வேண்டிய இடம் இதுதான். வெப்பமானியின் சென்சர் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்து தண்ணீரின் சூட்டைத்தான் சொல்லும். தண்ணீர் கொதித்து வெளியேறி, சென்சரைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும் மிஞ்சினால் ஊசி விழும். உலோகம் அப்போதுதான் மிக மோசமாகக் காயும். ஏறிய ஊசி காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். உறுதிப்படுத்த இன்னொரு அடையாளமும் உண்டு: ஹீற்றரைப் போட்டால் சூடான காற்றுக்குப் பதிலாகக் குளிர்ந்த காற்று வரும்.

கராஜில் கண்டவை

கார் இரவு முழுக்க ஆறவிடப்பட்டது. காலையில் ஸ்டார்ட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யும்போது எரி அறைகளைச் சூடாக்கும் நான்கு ஹீற்றர் பிளக்குகளையும் கழற்றி, கிராங் புலியை ஸ்பானரால் கையாலேயே சுற்றினார்கள். மூன்றாம் சிலிண்டரின் துளையால் தண்ணீர் பீறிட்டது, அரைக் கோப்பைக்குச் சற்றுக் குறைவு. இந்த நிலையில் சாவியைத் திருப்பியிருந்தால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொனெக்டிங் ரொட் வளைந்திருக்கும். தண்ணீர் அமுங்காது, டீசல் எஞ்சினில் பிஸ்டன் தலைக்கு மேல் இருக்கும் இடமோ மிகக் கொஞ்சம்.

தண்ணீரை வெளியேற்றிய பிறகு டீசல் எஞ்சினுக்குரிய கேஜால் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்த்தார்கள். பெற்றோல் கேஜ் இந்த அழுத்தத்துக்கு நிற்காது. முதலாம், நான்காம் சிலிண்டர்கள் 28 பார். இரண்டாம் சிலிண்டர் 21, மூன்றாம் சிலிண்டர் 19. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டும் சேர்ந்து விழுந்தால், இடையில் காஸ்கட் போயிருக்கிறது என்று அர்த்தம். ஓரத்தில் உள்ள இரண்டும் நன்றாக இருந்ததால் பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டர்களும் தேயவில்லை என்றும் தெரிந்தது. பின்னர் எடுத்த முடிவு இந்த இரண்டு நல்ல இலக்கங்களை நம்பித்தான்.

ஹெட் திறக்குமுன் கூலிங் பக்கம் முழுவதும் பார்க்கப்பட்டது. முதல் திருத்தத்தில் விடுபட்ட வேலை இது.

ரேடியேற்றர் மூடியில் 0.9 பார் என்று இருந்தது. கைப்பம்ப் வைத்துப் பார்க்க 0.3 பாரிலேயே விட்டது. ரப்பர் வளையம் கல்லாகியிருந்தது. 0.9 பார் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. மூடி பிடிக்காவிட்டால் 100 பாகையைச் சற்றுத் தாண்டியதுமே கொதித்து வெளியேறும். கூலிங்கில் மிக மலிவான உதிரிப்பாகம் இதுதான்.

ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி. முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரிந்தது. ரேடியேற்றரைக் கழற்றியபோது அந்த இடைவெளிக்குள் சிவப்புக் கிரவல் புழுதியும் நெற்பதரும் ஓயில் கசிவில் ஊறி, கம்பளித் துண்டுபோல ஒரே தட்டாகப் படிந்திருந்தது. பிடித்து இழுக்க உரிந்து வந்தது. வீதியில் நெல் காயப்போடும் ஊரில் ஓடும் காருக்கு முன்னாலிருந்து மட்டும் தண்ணீர் அடித்துக் கழுவினால் பதர் இன்னும் உள்ளே போய்ச் செருகும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, குறைந்த அழுத்தத்தில் அடிக்க வேண்டும்; பெரிய அழுத்தம் மெல்லிய தகடுகளான ஃபின்களை மடக்கிவிடும்.

ரேடியேற்றரின் கீழ்ப்பக்கத் தொட்டியில் மஞ்சள்தூளும் துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து சேறாக இறுகியிருந்தன. குழாய்களில் மூன்றில் ஒரு பங்கால் தண்ணீர் போகவில்லை.

தேர்மோஸ்டற் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதைக் கழற்றினால் எஞ்சின் குளிரும் என்பது இங்கே பரவலான நம்பிக்கை. இந்த எஞ்சினில் தேர்மோஸ்டற்றுக்கு இரண்டு வேலை: 88 பாகையில் ரேடியேற்றருக்கு வழி திறப்பது, அதே நேரம் பைபாஸ் வழியை மூடுவது. அது இல்லாவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றரைக் காணாமலே எஞ்சினுக்குள் திரும்பிவிடும். தனியே ஓடும்போது எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்ந்து டீசல் கூடப் பிடிக்கும். பாரம் ஏற்றி ஓடும்போது சூடு தாங்காது.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் உரிமையாளருக்கு விளக்கப்பட்டன. ஒன்று, காஸ்கட்டை மட்டும் மாற்றுவது. அது மே மாதத்தில் செய்ததையே திரும்பச் செய்வதாகும். இரண்டு, ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்று தேடுவது. அதன் உள்நிலை ஒருவருக்கும் தெரியாது, செலவும் அதிகம். இந்த எஞ்சினின் அடிப்பாகமோ நன்றாக இருந்தது. மூன்று, ஹெட்டை முறையாகத் திருத்தி, கூலிங்கில் உள்ள ரேடியேற்றர், பம்ப், தேர்மோஸ்டற், மூடி, ஹோஸ்கள் அனைத்தையும் அதோடு சேர்த்தே முடிப்பது. மூன்றாவது தெரிவானது. செலவில் ஏறத்தாழப் பாதி ஹெட்டுக்கு அல்ல, கூலிங் பக்கத்துக்கே போகும் என்று முதலே சொல்லப்பட்டது.

ஹெட் திறந்த பிறகு

தண்ணீர்ப் பம்பைச் சுழற்றுவது ரைமிங் பெல்ற். அதனால் பெல்ற், அதை இறுக்கிப் பிடிக்கும் ரென்ஷனர், பம்ப் மூன்றும் ஒன்றாகவே மாற்றப்பட வேண்டியவை. கழற்றிய பம்பின் இறக்கைகள் துருத் தின்று, பாதி உயரத்துக்குக் கூர்ந்துபோயிருந்தன. பம்ப் சத்தமில்லாமல் சுழன்றது, ஒழுகவும் இல்லை. வெளியிலிருந்து பார்த்து அது தண்ணீரைத் தள்ளுகிறதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஹெட்டின் தண்ணீர் வழிகளில், எரி அறைகளைச் சுற்றி, முட்டையோட்டுத் தடிப்பில் வெள்ளைப் படிவு. சுண்ணாம்பு மிகச் சூடான இடத்தில்தான் முதலில் இறங்கும். மிகக் குளிர வேண்டியதும் அதே இடம். மெல்லிய படிவுகூட அதைவிடப் பல மடங்கு தடிப்புள்ள வார்ப்பிரும்பு அளவுக்குச் சூட்டை மறிக்கும். வெளியே தண்ணீர் 90 பாகையில் இருந்தாலும் உள்ளே உலோகம் கருகிக்கொண்டிருக்கும்.

நேரான உருக்குச் சட்டமும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து ஹெட் நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் அளக்கப்பட்டது. நடுவில் 0.12 மி.மீ. வளைவு, தயாரிப்பாளரின் கையேட்டு எல்லை 0.10. வவுனியாவில் உள்ள லேத் பட்டறை ஒன்றில் முதலில் சுடுதண்ணீரில் அமிழ்த்திக் காற்றழுத்தம் கொடுத்து வெடிப்புப் பார்த்தார்கள். குமிழி வரவில்லை. அதன் பிறகுதான் 0.14 மி.மீ. சீவப்பட்டது. இந்த வரிசை முக்கியம்: வெடித்த ஹெட்டைச் சீவினால் கூலி வீண்.

டீசல் ஹெட்டைப் பெற்றோல் ஹெட்போலச் சீவ முடியாது. எரி அறைகளின் உருக்குத் தட்டுகள் முதலில் கழற்றப்பட்டன. முகத்தைச் சீவியபின் அந்தத் தட்டுகள் உட்காரும் பள்ளங்களும் அதே 0.14 மி.மீ. ஆழமாக்கப்பட்டன; இல்லாவிட்டால் தட்டு வெளியே துருத்தி, காஸ்கட்டை அந்த இடத்தில் நசுக்கும். வால்வ் இருக்கைகளும் வெட்டப்பட்டு, வால்வ் தலைகள் முகத்துக்கு உள்ளே இருக்கும் ஆழம் கையேட்டு அளவுக்குக் கொண்டுவரப்பட்டது. முடிவில் ஹெட்டின் உயரம் குறைந்தபட்ச அளவுக்கு மேலே இருப்பதும் உறுதிசெய்யப்பட்டது.

அடுத்தது காஸ்கட் தெரிவு. இந்த எஞ்சினுக்கு ஒரே காஸ்கட் மூன்று தடிப்பில் வரும். ஓரத்தில் உள்ள துளைகளின் எண்ணிக்கையே அடையாளம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது புளொக் முகத்துக்கு மேல் எவ்வளவு எழுகிறது என்று டயல் கேஜால் அளந்துதான் எது என்று முடிவெடுக்க வேண்டும். நான்கு பிஸ்டன்களும் 0.67, 0.70, 0.71, 0.68 மி.மீ. கூடிய அளவையே எடுக்க வேண்டும். கையேட்டின்படி 0.66 முதல் 0.75 வரை இரண்டு துளை. மே மாதம் போட்டிருந்தது ஒரு துளை, அதாவது மெல்லியது. இரண்டாம், மூன்றாம் பிஸ்டன் தலைகளில் கரி துடைபட்டு, நகப்பிறைபோல் ஒரு கோடு மினுங்கியது: வால்வ் முட்டத் தொடங்கிய தடம். மெல்லியது போட்டால் கொம்பிரஷன் கூடும், ‘நல்லா இழுக்கும்’ என்று சொல்வார்கள். அந்த இழுவை எதைத் தின்று வருகிறது என்பதற்கு இந்தக் கோடே சாட்சி.

பூட்டிய முறை

புளொக்கில் உள்ள போல்ற் துளைகள் காற்றடித்து, துணி சுற்றிய கம்பியால் உலர்த்தப்பட்டன. அடி மூடிய துளைக்குள் தண்ணீரோ ஓயிலோ கிடந்தால், போல்ற் இறங்கும்போது அது அமுங்க இடமின்றிப் புளொக்கையே வெடிக்கவைக்கும். காஸ்கட்டுக்குப் பசை எதுவும் பூசவில்லை. புதிய போல்ற்றுகள் நடுவிலிருந்து வெளிநோக்கி, முதலில் 40 நியூட்டன் மீற்றர், பிறகு 60, பிறகு 90 பாகை சுழற்றி, மீண்டும் 90 பாகை சுழற்றி என்று இறுக்கப்பட்டன. பாகைக் கணக்கில் இழுபட்டு நீளும் போல்ற் இது. அதனால்தான் இரண்டாம் முறை பாவிக்கக் கூடாது.

டீசலைப் பாய்ச்சும் இன்ஜெக்டர்களின் அடியில் உள்ள நெளிந்த வெப்பத் தடுப்பு வாஷர்கள் புதிதாக, கையேடு காட்டும் பக்கம் மேலே இருக்கும்படி போடப்பட்டன. பெல்ற் போட்டு, டீசல் பம்பின் நேரத்தை டயல் கேஜால் சரிபார்த்து, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி அடையாளங்கள் திரும்ப ஒன்றுசேர்வதைப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யப்பட்டது.

புளொக்கில் மிஞ்சிய படிவைக் கரைக்க, வடிகட்டி உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் 5 சதவீதம் சிற்றிக் அசிட், அதாவது 6.5 லீற்றருக்கு 325 கிராம், கலந்து 20 நிமிடம் சூடாக ஓடவிட்டு வடித்தார்கள். வந்தது பால்தேநீர் நிறம். அலுமினியம் இருப்பதால் நேரத்தைக் கூட்டக் கூடாது. பிறகு மூன்று முறை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் அலசல்.

கூலன்ட் விடும்போது பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. வடித்தாலும் இந்த எஞ்சினில் ஏறத்தாழ 1.5 லீற்றர் உள்ளே தங்கிவிடும். வெளியில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால், உள்ளே இருப்பதோடு சேர்ந்து செறிவு குறையும். அதனால் முதலில் 3.25 லீற்றர் கலக்காத கூலன்ட், மீதிக்குப் பற்றரிக்கு விடும் சுத்தத் தண்ணீர். முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, ஹீற்றரை முழுக்கத் திறந்து, ஹோஸ்களைப் பிசைந்து காற்று வெளியேற்றப்பட்டது. “பனி பெய்யாத ஊரில் கூலன்ட் எதற்கு?” என்று கேட்பார்கள். துருப்பிடிப்பதைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும்தான் இங்கே அதன் வேலை. நிறம் மட்டும் போட்ட மலிவுத் தண்ணீருக்கு இரண்டும் முடியாது. லேபிளில் எதிலீன் கிளைக்கோல் என்று இருக்க வேண்டும். கடைசியாக எஞ்சின் ஓயிலும் ஃபில்டரும் மாற்றப்பட்டன.

பின்னர் நடந்தது

900 கிலோமீற்றரில் மீண்டும் தண்ணீர் குறைந்தது. காஸ்கட் இல்லை. எஞ்சினுக்குப் பின்புறமாகச் செல்லும் இரும்புத் தண்ணீர்க் குழாயில் ஊசித்துளை. துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து அடைத்திருந்த துளை, அசிட் ஓடியதும் திறந்துவிட்டது. தினமும் காலையில் மட்டம் பார்க்கச் சொல்லியிருந்ததால் ஊசி ஏறுமுன்பே பிடிபட்டது. குழாய் மாற்றப்பட்டது.

அதன் பிறகு அடுத்த பெப்ரவரி வரை 7,000 கிலோமீற்றர் ஓடியும் மட்டம் குறையவில்லை. ஏ.சி. போட்டு ஓடவிட்டு அளந்தபோது மேல் ஹோஸ் 90 பாகை, கீழ் ஹோஸ் 78. இந்த இடைவெளி ரேடியேற்றர் வேலை செய்வதைக் காட்டுகிறது. தேர்மோஸ்டற் திரும்பப் போட்டதோடு லீற்றருக்கு 15 கிலோமீற்றராக இருந்த ஓட்டம் 17 ஆனது.

மாற்றிச் செய்யவேண்டியவை

அந்த இரும்புக் குழாயை ஹெட் கழற்றியிருந்தபோதே மாற்றியிருக்க வேண்டும். அப்போது இரண்டு போல்ற் வேலை. பிறகு ஒரு நாள் வேலை. சுண்ணாம்பு பிடித்த எஞ்சினுக்கு அசிட் விடுமுன் இரும்புக் குழாய்களையும் புளொக்கின் அடைப்புத் தட்டுகளையும் சுரண்டிப் பார்ப்பது இப்போது அந்தக் கராஜில் வழக்கமாகியிருக்கிறது.

பெப்ரவரியில் தண்ணீர் குறையத் தொடங்கியபோதே, குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து குமிழி வருகிறதா என்று பார்ப்பதும், கூலிங்குக்கு அழுத்தம் கொடுத்து ஒழுக்கைத் தேடுவதும் அரை மணி நேர வேலை. அன்று அதைச் செய்திருந்தால் மூடி, ரேடியேற்றர் கழுவல், கூலன்ட் என்ற அளவில் முடிந்திருக்கலாம்.

அறுவடைக்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் ரேடியேற்றருக்கும் கண்டென்சருக்கும் இடையில் டோர்ச் அடித்துப் பார்க்கும்படி உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கப்பட்டது. கலந்த கூலன்ட் 5 லீற்றர் கான் ஒன்று டிக்கியில் இருக்கிறது. வழியில் கிணறு தேட வேண்டியதில்லை. ஊசியை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்காக இரண்டாவது சென்சர் ஒன்று ஹெட்டில் உள்ள சிறு போல்ற் ஒன்றுக்கடியில் (ஹெட்டை இறுக்கும் போல்ற் அல்ல) வளையமாகப் பூட்டப்பட்டது. அது தண்ணீரை அல்ல, உலோகத்தையே தொட்டுக்கொண்டிருக்கிறது; 105 பாகை தாண்டினால் ஸ்டியரிங்குக்குக் கீழே பஸர் அடிக்கும்.